சட்ட ஆலோசனை: “30 விழுக்காடு குறைக்கச் சொன்னார், இப்போது காசு தர மறுக்கிறார்”

கேள்வி: தரைவீடுகளில் மரம் வெட்டும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். செராங்கூன் கார்டனில் ஒரு அக்கா வீட்டு மாமரத்தை 30 விழுக்காடு குறைக்க 4,800 வெள்ளிக்குப் பேசி, 1,200 வெள்ளி முன்பணம் வாங்கினேன். சொன்னபடியே குறைத்தேன். காலையில் காப்பி கொடுத்துவிட்டு வேலைக்குப் போனவர், மாலையில் வந்து மரத்தைப் பார்த்து அழுதுவிட்டார். காலமான கணவர் நட்ட மரமாம். என்னிடம் வேலை பார்க்கும் பையன்கள் முன்னால் திட்டினார், கூகளில் ஒரே நட்சத்திரம் போட்டார், மீதி 3,600 வெள்ளியைத் தரமாட்டேன் என்கிறார். 15 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கேஸ் போட்டால் ஜெயிப்பேனா? கொட்டேஷன், வாட்ஸ்அப் செய்திகள், போட்டோக்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அடுத்த மாதம் புக்கிட் தீமாவில் ஒரு பெரிய மரத்தை எடுக்கும் வேலையும் இருக்கிறது.

பதில்: காப்பி, கூகள் நட்சத்திரம், பையன்கள் முன்னால் வாங்கிய திட்டு, 15 வருட அனுபவம் எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். மனசு வலிப்பது புரிகிறது, ஆனால் இவற்றில் எதுவும் வழக்கைத் தீர்மானிக்காது. கேள்வி ஒன்றுதான்: எதைச் செய்வதாக ஒப்புக்கொண்டீர்கள்?

உங்கள் கொட்டேஷனில் “மாமரம், 30% குறைப்பு” என்று ஒரு வரிதான் இருக்கிறது. அதற்கு அவர் முந்தின இரவு வாட்ஸ்அப்பில் எழுதியது: “சரி தம்பி, ஆனா பக்கத்து வீட்டு இரண்டாம் மாடி ஜன்னல் தெரியாத மாதிரி மறைப்பு இருக்கணும்.” நீங்கள் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினீர்கள். அந்தக் கட்டைவிரல் சம்மதம்தான். கனடாவில் 2023-ல் ஆளிவிதை விற்பனை வழக்கொன்றில், ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பியதற்கு மறுமொழியாக வந்த கட்டைவிரலையே கையெழுத்தாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அந்தத் தீர்ப்பு சிங்கப்பூரைக் கட்டுப்படுத்தாதுதான், ஆனால் இங்குள்ள நடுவரும் உங்கள் படத்தை வேறு மாதிரி படிப்பார் என்று நான் நம்ப மாட்டேன். வேலை முடிந்து நீங்கள் எடுத்த போட்டோவில் அந்த ஜன்னல் முழுசாகத் தெரிகிறது, திரைச்சீலையில் இருக்கும் பூ வரைக்கும்.

“30 விழுக்காடுதானே வெட்டினேன்” என்கிறீர்கள். எதில் 30? உங்கள் கணக்குப்படி மரத்தின் தலை 7 மீட்டர் உயரம், 8 மீட்டர் அகலம். எல்லாப் பக்கமும் 30 விழுக்காடு குறைத்து 4.9-க்கும் 5.6-க்கும் கொண்டுவந்தீர்கள். உயரம், நீளம், அகலம் மூன்றையும் 0.7-ஆல் பெருக்கிப் பாருங்கள்: பழைய பருமனில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. பருமனில் 30 போக வேண்டும் என்றால் ஒவ்வொரு பக்கமும் 11 விழுக்காடு குறைத்தாலே போதும், அதாவது உயரத்தில் ஒரு மீட்டருக்கும் கீழே. வீட்டுக்காரர் 30 என்று கேட்டால் ‘லேசாகக் குறைப்பது’ என்றுதான் நினைப்பார். மரவேலைக்கான பிரிட்டிஷ் தரநிலை பிஎஸ் 3998, குறைப்பு வேலையை விழுக்காட்டில் இல்லாமல் மீட்டரில் எழுதச் சொல்வதும் இதனால்தான். அந்த எண்ணைக் கொட்டேஷனில் எழுதியவர் நீங்கள். குழப்பம் வந்தால் எழுதியவருக்கு எதிராகப் படிப்பதுதான் வழக்கம்.

சிறு தொகைத் தகராறுகளைத் தீர்க்கும் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் மனு போடுவது எப்படி என்று நான் விளக்கப் போவதில்லை, அது உங்களுக்குத் தெரியும். நீங்கள் பயப்பட வேண்டியது எதிர்க்கோரிக்கைக்கு. சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டக்காரர் என்னிடம் வந்தார். 2,800 வெள்ளிக்கு அவர் வழக்குப் போட, வீட்டுக்காரர் முன்பணம், பட்ட மரத்தை எடுக்கும் கிரேன் கூலி, புது மரம் எல்லாவற்றையும் கூட்டிப் பதில் கோரிக்கை வைத்தார். காசு வாங்கப் போனவர் காசு கட்டிவிட்டு வந்தார். இந்த மன்றத்தில் வழக்கறிஞர் உங்களுக்காகப் பேச முடியாது. மேல்முறையீடும் சட்டப் பிழை அல்லது அதிகார வரம்பு பற்றி மட்டும்தான், அதற்கும் முதலில் அனுமதி வாங்க வேண்டும். தீர்ப்புக்குப் பிறகு வந்த அவருக்கு நான் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை.

உங்கள் நிலைமை அவருடையதைவிட மோசம். மூன்றாவது போட்டோவில், வலது பக்கக் கிளை ஒன்று கைமொத்தத்தில் நடுவிலேயே வெட்டுப்பட்டு முளைக்குச்சி மாதிரி நிற்கிறது. தாங்கக்கூடிய பக்கக்கிளை வரை வந்துதான் வெட்ட வேண்டும் என்று எந்த மர நிபுணரும் சொல்வார். மொட்டையாக வெட்டிய இடத்தில் நெட்டுக்குத்தாகக் குச்சிகள் கிளம்பும், அவை பிடிப்பில்லாமல் ஒடியும். அப்புறம், இரவு 11:40-க்கு நீங்கள் அனுப்பியது: “மன்னிச்சிடுங்க அக்கா, பையன் கொஞ்சம் கூட வெட்டிட்டான்.” நல்ல மனசோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பையன் செய்த பிழை சட்டப்படி உங்கள் பிழை, அதை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

சமரசம் செய்துகொள்ளுங்கள், இந்த வாரமே. 3,600-இல் 1,600 முதல் 1,800 வரை வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து புதுக் குச்சிகளைக் கழித்து மரத்தைச் சரியாக வளர்த்துத் தருவதாகச் சொல்லுங்கள். அவருக்குக் கணவர் நட்ட மரம் வேண்டும், அதை உங்களால்தான் கொடுக்க முடியும். சமரசக் கடிதத்தின் தலையில் ‘வித்தவுட் பிரஜுடிஸ்’ என்று போடுங்கள், பேச்சு முறிந்தால் நீங்கள் இறங்கி வந்ததை உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாது. ஒத்துக்கொண்டால் “இனி இரு தரப்புக்கும் கோரிக்கை இல்லை” என்ற வரியோடு இருவரும் கையெழுத்திட வேண்டும். அதுவரை “சமப்படுத்துகிறேன்” என்று ரம்பத்தோடு அந்த வீட்டுக்குப் போகாதீர்கள். இரண்டாவது வெட்டில்தான் மரம் சாகும்.

அடுத்த மாதம் புக்கிட் தீமாவில் ஒரு பெரிய மரத்தை எடுக்கும் வேலை என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். தங்ளின், புக்கிட் தீமா, சாங்கி பக்கங்களில் 1991 முதல் மரப் பாதுகாப்பு வட்டாரங்கள் உண்டு. அதற்குள் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டிய மரத்தை, சொந்தத் தோட்டத்திலேயே இருந்தாலும், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் வெட்டினால் 50,000 வெள்ளி வரை அபராதம். வீட்டுக்காரர் “நான் பார்த்துக்கிறேன்” என்றால் அனுமதிக் கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே ஆள் அனுப்புங்கள்.