சாவியோடு பூட்டும் சேர்ந்து சுற்றினால்

தபால் பெட்டியில் புதுப் பூட்டு மாட்டியபின் சாவியைத் திருப்பினால் பூட்டே சுற்றுகிறது, கதவும் லொடலொடக்கிறது என்கிறீர்கள். பூட்டில் கோளாறு இருக்காது. இவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள்.

கதவின் துளையை உற்றுப் பாருங்கள். முழு வட்டமாக இல்லாமல் பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். பூட்டு உடலின் தட்டைப் பக்கம் அதில் ஒட்டி உட்கார்ந்தால்தான் சுற்றாது. உங்களுடையது 19 மி.மீ. துளையாக இருந்து, 16 மி.மீ. பூட்டு வாங்கியிருந்தால் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. மாற்றி வாங்குவதே வழி. பசை போட்டு ஒட்டாதீர்கள், அடுத்த முறை கழற்றும்போது அழ வேண்டிவரும்.

லொடலொடப்புக்குக் காரணம் நாக்கு, அதாவது பூட்டின் பின்னால் சாவியோடு திரும்பிக் கதவைப் பிடிக்கும் தகடு. புதியது பழையதின் வடிவத்தில் இல்லாவிட்டால் கதவு ஆடும். பழைய நாக்கு வளைந்ததா நேரானதா, திருகு போகும் சதுரத் துளையிலிருந்து நுனிவரை எத்தனை மி.மீ. என்று அளந்து பாருங்கள். அந்தச் சதுரத் துளை பொருந்தினால் பழையதையே புதுப் பூட்டில் போட்டுவிடலாம்.

நாக்குக்கு அடியில் சிறு காது வைத்த வாஷர் வரும். சாவி 90 டிகிரியில் நிற்பதா 180-இலா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அதைத் திருப்பிப் போட்டால் நாக்கு எதிர்ப்பக்கம் போகும். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு நாலைந்து முறை பூட்டித் திறந்து பார்த்தபிறகு மூடுங்கள்.