பட்டியில் முளைக்கும் வேலங்கன்று

கேள்வி: எங்கள் கொரங்காட்டில் (வேலி அடைத்த மேய்ச்சல் நிலத்தில்) பழைய வெள்வேல மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன. விதை பொறுக்கி ஊன்றினால் முளைக்கவே மாட்டேன் என்கிறது. ஆனால் ஆட்டுப்பட்டியைக் கூட்டிக் கொட்டும் குப்பைமேட்டு ஓரத்தில் தானாக முளைத்து நிற்கிறது. என்ன காரணம்?
– ஒரு வாசகர், காங்கேயம் பக்கம்

பதில்: நீங்கள் ஊன்றியதில் தப்பில்லை, சங்கதி விதைத்தோலில் இருக்கிறது. வேல விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது, சும்மா மண்ணில் போட்டால் வருஷக்கணக்கில் கல் மாதிரி கிடக்கும். ஆடு நெற்றைத் தின்னும்போது நிறைய விதை கடைவாயில் நொறுங்கிப் போகும். தப்பியதில் சில, வயிற்றில் ஊறித் தோல் இளகிப் புழுக்கையோடு வரும், இன்னும் சில, ராத்திரி பட்டியில் படுத்து அசைபோடும்போதே வாயிலிருந்து விழுந்துவிடும். காலையில் கூட்டும்போது பாருங்கள், புழுக்கைக்கு நடுவே பழுப்பாக, வழவழவென்று கிடக்கும். அதை எடுத்து ஊன்றுங்கள். கிடைக்காவிட்டால், கொதித்து இறக்கிய தண்ணீரில் விதையைப் போட்டு ஆறவிட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்தாலும் சரி. முளைத்த பிறகு அதே ஆடுதான் எதிரி என்பதால், கிளுவை வேலியை ஒட்டி ஊன்றி முள் வெட்டிப் போட்டு மூடிவிடுங்கள்.

அப்புறம், தின்பது ஆடா மாடா என்பதும் முக்கியம். நம் ஊர்க் கருவேலத்தை 1890களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்கு நிழலுக்கும் தீவனத்துக்குமாகக் கொண்டுபோனார்கள். செம்மறி மேய்ந்தவரை மெதுவாகத்தான் பரவியது. பிறகு பலரும் மாட்டுக்கு மாற, நல்ல மழை வருஷங்களும் சேர்ந்துகொள்ள, பிடித்துக்கொண்டது. மாடு அவ்வளவாக மெல்லாது. நெற்றை விழுங்கி, முழு விதையை ஈரச் சாணியோடு போட்டுவிட்டுப் போகும், எருவோடு நாற்றங்கால் தயார். மரமே அதிகம் இல்லாத புல்வெளியில் இன்று 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் முள்மரம். நாம் கலப்பை செய்யத் தேடும் மரத்தை அங்கே காசு கொடுத்து அழிக்கிறார்கள்!

நெற்று தின்ற மாட்டை வேறு மேய்ச்சலுக்கு ஓட்டும் முன் ஒரு வாரம்போல அடைத்துவைப்பது அங்கே வழக்கம், அதற்குள் விதையெல்லாம் வெளியே வந்துவிடும். சீமைக்கருவேல நெற்று தின்ற மாட்டை உங்கள் கொரங்காட்டுக்குள் விடும் முன் நீங்களும் அப்படிச் செய்யலாம். அந்தச் சாணியை மட்டும் அப்படியே காட்டில் கொட்டிவிடாதீர்கள்.