அப்பிச்சியின் நெகட்டிவும் கறுத்துப்போன 12க்கு 18ம்

காங்கேயம் பக்கத்து வாசகி ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். பரணிலிருந்து இறக்கிய தகரப்பெட்டியில் அவருடைய அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வைத்திருந்த ஆக்பா கிளிக் த்ரீ கேமராவும், செய்தித்தாளில் சுற்றிய 60க்கு மேற்பட்ட நெகட்டிவ்களும், 'இந்து' என்று அச்சிட்ட ஒரு காலி உறையும் கிடைத்திருக்கின்றன. தை மாதம் அம்மிச்சிக்கு (அம்மாவின் அம்மா) 80 வயது. கண்ணபுரம் சந்தையில் வாங்கிவந்த காளை ஜோடிக்குப் பக்கத்தில், கைக்குழந்தையாக இருந்த பெரியம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மிச்சி களத்துமேட்டில் நிற்கிற படம் ஒன்று வீட்டில் மாட்டியிருக்கிறது. அதைப் பெரிதாகப் போடலாம் என்று, கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்த அந்தப் பிரிண்ட்டைப் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டுடியோவுக்கு அனுப்பி, 12க்கு 18 அங்குலம் போட்டு வாங்கியிருக்கிறார். வந்தது கறுத்துப்போய், காளைகளின் கொம்பு வெட்டுப்பட்டு, அம்மிச்சி முகம் மாவு பூசின மாதிரி. "கண்ணாடியிலிருந்து படத்தைப் பிரிக்கலாமா, நெகட்டிவிலிருந்து போட முடியுமா, தப்பு எங்கே?" என்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில், தொடவே தொடாதீங்க அம்மணி. படம் இருப்பது காகிதத்தில் இல்லை, அதன்மேல் பூசிய ஜெலட்டின் படலத்தில். பழைய பிரேம்களில் நடுவில் மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றி வருகிற, ஜன்னல் வெட்டிய அட்டை) வைக்காமல் கண்ணாடியை நேராகப் படத்தின்மேல் அழுத்திவிடுவார்கள், ஐப்பசி மழை ஈரம் உள்ளே போனால் அந்தப் படலம் ஊறி இளகி கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்த பிறகு பசை போட்டது மாதிரிதான். பவானி கூடுதுறையில் என் அப்பா நிற்கிற படத்தை நான் பிளேடு கொடுத்துப் பிரித்துப் பார்த்தேன். அப்பாவின் இடது தோளும் பாதிக் காதும் இன்றைக்கும் அந்தக் கண்ணாடியில்தான் இருக்கின்றன, எடுத்து வைத்திருக்கிறேன், தூக்கிப்போட மனசு வரவில்லை.

ஆனால் உங்களுக்கு அந்தப் பிரிண்ட்டைக் கட்டி அழவேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். பிரிண்ட் என்பது நகல், அசல் நெகட்டிவ். அப்பிச்சியே எடுத்த படம் என்றால் அந்த 60க்குள் அது இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கிளிக் த்ரீ, 120 என்கிற அகலமான பிலிம் ரோலில் 12 சதுரப் படம் எடுக்கும், அதனால் ஏறக்குறைய 56 மில்லிமீட்டர் சதுரமாக இருக்கும் நெகட்டிவ்களைத் தனியே எடுத்து வையுங்கள். இரண்டு பக்கமும் பல்வரிசை மாதிரி ஓட்டை இருப்பவை 35 எம்எம், அவை வேறு கேமராவில் எடுத்தவை. லென்ஸைப் பார்த்தால் கிளிக் த்ரீ ஏழைக் கேமராதான், ஓரமெல்லாம் மங்கும். ஆனால் நெகட்டிவின் பரப்பு 35 எம்எம்மைப் போல மூன்றரை மடங்கு, அந்த ஒரு பலத்தால்தான் இன்றைக்கும் அதைப் பெரிதாக்க முடிகிறது.

எது எந்தப் படம் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி. போன் செட்டிங்ஸில் நிறங்களைத் தலைகீழாக்கும் 'கலர் இன்வர்ஷன்' இருக்கும், அதை ஆன் செய்துவிட்டுக் கேமராவைத் திறந்து, வெளிச்சமான ஜன்னலுக்கு எதிரே பிடித்த நெகட்டிவைப் பாருங்கள், திரையில் நேர்ப்படமாகத் தெரியும். இதை அம்மிச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள். யார் யார், எந்த வருஷம், காளைக்கு என்ன பேர் எல்லாம் அவர் சொல்லச் சொல்ல, நெகட்டிவைப் போட்டு வைக்கிற புது உறையின்மேல் பென்சிலில் எழுதிவிடுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தம் மறுபக்கம் தெரியும், மை கசியும்.

அந்தக் காலி உறையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 'இந்து' ஊட்டியில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் பிராண்ட். 1960இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், 1967இல் உற்பத்திக்கு வந்தது, கறுப்பு வெள்ளை பிலிம், போட்டோ பேப்பர், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் செய்தார்கள். மேட்டுப்பாளையம் மலையேறினால் வந்துவிடும் ஊரில் செய்த பேப்பர், நம் பக்கத்து ஸ்டுடியோ டார்க் ரூம்களில் அது கிடக்காத அலமாரி குறைவு. இப்போது ஆலையும் இல்லை, பேப்பரும் இல்லை. உறையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நெகட்டிவை எப்படி நகல் எடுப்பது. வீட்டில் இருக்கிற சாதாரண ஸ்கேனர் ஆகாது, மூடியிலும் விளக்கு இருக்கிற பிலிம் ஸ்கேனர் வேண்டும். அது இல்லாவிட்டால் கேமராவே போதும், நான் இப்போதெல்லாம் கேமராவில்தான் எடுக்கிறேன். ஒரு டேப்லெட்டில் வெறும் வெள்ளைத் திரையைப் போட்டு முழு வெளிச்சத்தில் கிடத்துங்கள். நெகட்டிவை நேராக அதன்மேல் வைத்தால் திரையின் புள்ளிகளெல்லாம் படத்தில் விழும், ஆகவே இரண்டு அங்குலம் உயர்த்தி, நடுவில் பால்வெள்ளை அக்ரிலிக் துண்டு ஒன்று வைத்தால் நல்லது. கறுப்பு அட்டையில் நெகட்டிவ் அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டி, அதே மாதிரி இன்னொரு அட்டையோடு சேர்த்து நெகட்டிவை நடுவில் பிடித்துக்கொண்டால் சுருளாது, ஓர வெளிச்சமும் லென்ஸுக்குள் பாயாது. பளபளப்பான பக்கம் கேமராவைப் பார்க்க வேண்டும், மங்கலான பக்கம்தான் படலம் இருக்கிற பக்கம். ஓரத்தில் எழுத்து இருந்தால் அது நேராகப் படிக்கவேண்டும். தலைகீழ் பக்கம் வைத்துவிட்டால் அம்மிச்சி வலது இடுப்பில் வைத்திருந்த பிள்ளை இடது இடுப்புக்கு மாறிவிடும், யாருக்கும் தெரியாது, அவருக்கு மட்டும் தெரியும்.

கேமரா நெகட்டிவுக்குச் சரியாக நேர்க்கோட்டில் நிற்கிறதா என்று பார்க்க நெகட்டிவ் வைக்கிற இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து, திரையின் நட்ட நடுவில் லென்ஸின் பிம்பமே தெரியும்வரை ட்ரைபாடைச் சரிசெய்யுங்கள். வட்டம் நடுவில் விழுந்தால் நான்கு மூலையும் ஒரே போகஸில் வரும், நான் இதைக் கற்றுக்கொள்ள ஒரு வருஷம் ஆனது, அதுவரை எடுத்ததையெல்லாம் திரும்ப எடுக்கவேண்டி வந்தது. மிக அருகில் போகஸ் ஆகிற மேக்ரோ லென்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுகிற எக்ஸ்டென்ஷன் ட்யூப். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, எஃப் (லென்ஸ் திறப்பு) 8, இரண்டு நொடி டைமர், அறை இருட்டு, மின்விசிறி நிறுத்தம். ரா பைலாக, அதாவது கேமரா மெருகேற்றாத பைலாக எடுத்துவிட்டு, எந்த எடிட்டிங் செயலியிலும் வெளிச்சத்தையும் இருட்டையும் மாற்றுகிற கர்வ் கோட்டைத் தலைகீழாகத் திருப்பினால் நேர்ப்படம். 24 மெகாபிக்சல் கேமராவில் சதுரமாக வெட்டினாலும் 4000க்கு 4000 புள்ளி கிடைக்கும், 12 அங்குல சதுரப் பிரிண்ட்டுக்கு அங்குலத்துக்கு 300 என்று கணக்குப் போட்டால் 3600 போதும். போனில் எடுத்தாலும் மோசமில்லை, மூலைகள் கொஞ்சம் இளகும், அவ்வளவுதான்.

நெகட்டிவைத் துடைக்க வேட்டி நுனி, எச்சில், ஈரத்துணி எதுவும் வேண்டாம், காற்று அடிக்கிற ரப்பர் பந்து மட்டும். முக்கியமாக ஒன்று, பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்ததா? அசிடேட் பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் சிதையும்போது வருகிற நெடி அது, பக்கத்திலிருக்கும் நல்ல பிலிமையும் கெடுக்கும். நெடி அடிப்பவற்றைப் பிரித்து வேறு இடத்தில் வைத்து, முதலில் அவற்றையே நகல் எடுங்கள்.

இனி அந்தக் கறுத்த பிரிண்ட். ஸ்டுடியோக்காரர்மேல் பெரிய தப்பு இல்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப்பக்கம் சுமார் 1600 புள்ளிக்குச் சுருங்கிவிடும், அதை 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 90 கூடத் தேறாது, மாவு முகம் அங்கேதான் பிறந்தது. 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள், இல்லை, பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள். கொம்பு வெட்டுப்பட்டதற்குக் காரணம் வடிவம். அப்பிச்சியின் படம் சதுரம், போன் படம் 3க்கு 4, நீங்கள் கேட்ட 12க்கு 18 என்பது 35 எம்எம் பிலிமின் 2க்கு 3. சதுரத்தைச் செவ்வகத்தில் நிரப்பச் சொன்னால் மிஷின் எதையாவது வெட்டத்தான் செய்யும். அதனால் 12க்கு 12 கேளுங்கள். பேப்பர் 12க்கு 18தான் வரும் என்றால் மிச்சம் 6 அங்குலம் இருக்குமே, அதில் 6க்கு 6இல் இரண்டு படம் கச்சிதமாக உட்காரும், பெரியம்மாவுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று.

கறுத்ததுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. போன் திரை தானே ஒளிர்கிறது, பேப்பர் தன்மேல் விழுகிற வெளிச்சத்தை மட்டும் திருப்பித் தருகிறது. வெயிலில் முழு பிரைட்னஸில் வைத்துப் பார்த்து 'நல்லா இருக்கு' என்று அனுப்புகிற படம் பேப்பரில் ஒரு படி இருண்டுதான் விழும். திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து, வீட்டுக்குள் உட்கார்ந்து சரிபாருங்கள். ஆனால் படத்தில் எவ்வளவு வெளிச்சம் ஏற்றுவது என்பதற்குப் பழைய டார்க் ரூம் வழிதான் இன்றும் வழி.

நான் பிரிண்ட் போடக் கற்றது ஈரோட்டில் ஒரு ஸ்டுடியோவின் பின்கட்டில். சிவப்பு விளக்கு, படத்தை நிலைக்கவைக்கிற ஹைப்போ ரசாயனத்தின் நெடி, ஈரத் தரை. முழுப் பேப்பரையும் வீணாக்க விடமாட்டார்கள். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி, முகம் விழுகிற இடத்தில் வைத்து, மேலே அட்டையால் மூடி, இரண்டு நொடிக்கு ஒருமுறை அட்டையை நகர்த்திக்கொண்டே, நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கிற என்லார்ஜரின் வெளிச்சத்தைக் காட்டவேண்டும். டெவலப்பர் தட்டில் போட்டு ஆட்டினால் ஒரே முகம் வெளுப்பிலிருந்து கறுப்புவரை படிப்படியாக எழும்பி வரும். அதில் கன்னமும் தெரிந்து, கண் குழியும் அடைத்துப்போகாத படி எதுவோ அதுதான் நேரம். அதையும் ஈரத்தில் முடிவு செய்யக்கூடாது, காய்ந்தால் பேப்பர் இன்னும் கொஞ்சம் இருளும்.

நீங்கள் செய்யவேண்டியதும் அதேதான். அம்மிச்சி முகத்தை மட்டும் வெட்டி, ஒன்று இருக்கிறபடியே, அடுத்தடுத்து கொஞ்சம் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றி, நான்கு முகத்தையும் ஒரே 4க்கு 6 பிரிண்ட்டில் வரிசையாக வைத்துப் போடச் சொல்லுங்கள். 'கரெக்ஷன் எதுவும் வேண்டாம், அப்படியே போடுங்க' என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மிஷின் நாலையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும். வந்ததைக் கடை டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யாமல், படம் மாட்டப்போகிற சுவரில் பகலில் வைத்துப் பாருங்கள். கலர் பேப்பரில் கறுப்பு வெள்ளை போட்டால் லேசாகப் பச்சையோ ஊதாவோ ஏறும், அதுவும் இந்தச் சின்ன பிரிண்ட்டிலேயே தெரிந்துவிடும், சொன்னால் ஆபரேட்டர் சரிசெய்வார். பைல் எஸ்ஆர்ஜிபி (வழக்கமான நிற அமைப்பு) ஜேபெக்காக இருக்கட்டும். பளபளப்பு வேண்டாம், மேட் போடுங்கள், கூடத்து ஜன்னல் அதில் தெரியாது. இந்தமுறை பிரேமில் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்ல மறக்கவேண்டாம்.

ஒட்டுகிற ஆல்பத்தில் இருக்கிற 80களின் கலர் படங்கள் சிவந்துபோனதாகவும் எழுதியிருந்தீர்கள். இருட்டில் வைத்தாலும் அந்தக் காலக் கலர் பேப்பரில் சயான் என்கிற நீலப்பச்சைச் சாயம் முதலில் போய்விடும், மிஞ்சுவது சிவப்பு. திருப்ப முடியாது, ஸ்கேன் செய்து ஓரளவு மீட்கலாம், தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக அந்தக் கேமரா. ஓடுமா என்றால், 120 ரோல் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், ஷட்டர் டக்கென்று அடித்தால் ஓடும். ஆனால் பின்மூடியைத் திறப்பதற்கு முன், முதுகில் இருக்கிற சின்னச் சிவப்பு ஜன்னலைப் பாருங்கள். ஏதாவது எண் தெரிந்தால் உள்ளே ரோல் இருக்கிறது, அப்பிச்சி முடிக்காமல் விட்ட ரோல். திறக்காமல், வெயில் படாமல், திருகியைச் சுற்றுகிற திசையிலேயே மெதுவாக, இறுக்கம் விட்டுப் பேப்பர் முழுக்கச் சுருளும்வரை சுற்றி, இருட்டறையில் எடுத்து, ரோல் அவிழாமல் ஒரு டேப்பை ஒட்டி, கறுப்புத் துணியில் சுற்றி வையுங்கள். எண் தெரிந்ததா இல்லையா என்று எழுதுங்கள், தெரிந்தால் கழுவுவதைப் பற்றி அடுத்துப் பேசுவோம்.