கால் மடங்கிப் பிறந்த கன்று: பசுவை விற்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் எச்.எப். (ஹோல்ஸ்டீன் பிரீசியன்) கலப்பினப் பசு முதல் இரண்டு ஈத்தும் நல்ல கன்று போட்டது. மூன்றாம் ஈத்தில், நாள் நிறையப் பத்து நாள் இருக்கும்போதே செத்த கன்றை ஈன்றது. கன்றின் முன்னங்கால் இரண்டும் முட்டியிலும் கணுக்காலிலும் மடங்கியிருந்தன, இழுத்தாலும் நீளவில்லை. கழுத்தும் குட்டை. சினை மாட்டைக் கிரகணத்தன்று வெளியே கட்டியதுதான் காரணம் என்கிறார்கள். மாட்டை விற்றுவிடலாமா?
(நாமக்கல் மாவட்டப் பெண் விவசாயி)

பதில்: அம்மா, கிரகணப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்கள் பராமரிப்பில் எந்தக் குறையும் இல்லை.

வயிற்றுக்குள் கன்று காலை உதைத்து அசைத்துக்கொண்டே இருந்தால்தான் மூட்டுகள் சரியாக அமையும். அசைவு நின்றால் மூட்டு இறுகிவிடும். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு ஆங்கஸ் இன மாடுகளில் இப்படிப்பட்ட கன்றுகள் பிறந்தபோது ஆராய்ந்தார்கள். நரம்பின் கட்டளையைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை அமைக்கும் ஒரு மரபணுவில் ஒரு துண்டே விடுபட்டிருந்தது.

எச்.எப். இனத்தில் வருவது வேறொரு மரபுக் குறை, முதுகெலும்பே சரியாக அமையாது, சி.வி.எம். என்பார்கள். குட்டைக் கழுத்து, கோணலான முதுகெலும்பு, இரண்டு முன்னங்கால்களும் ஒரே மாதிரி மடங்கியிருப்பது, நாள் நிறையும் முன்பே செத்துப் பிறப்பது ஆகியவை இதன் அடையாளம். நீங்கள் சொல்வது இதோடு பெரிதும் ஒத்துப்போகிறது. டென்மார்க்கில் முதலில் கண்டறியப்பட்ட இந்தக் குறையின் வேரைத் தேடியபோது, 1974இல் பிறந்த 'கார்லின்-எம் ஐவன்ஹோ பெல்' என்ற அமெரிக்கக் காளையில் போய் நின்றது. அதன் மகள்கள் பாலில் சிறந்திருந்ததால் அதன் விந்து நாடு நாடாகப் போனது. பாலோடு குறையும் சேர்ந்தே போய்விட்டது. இந்தியாவிலும் இதைச் சுமக்கும் எச்.எப். காளைகள் பரிசோதனையில் தெரியவந்துள்ளன.

ஒரு மாட்டுக்கு ஒவ்வொரு மரபணுவும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டாக இருக்கும். ஒன்று மட்டும் பழுதானால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. பாலும் நன்றாகக் கறக்கும். பசு, காளை இரண்டுமே அந்தப் பழுதைச் சுமந்தால்தான் ஒவ்வொரு சினையிலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. முதல் இரண்டு கன்றும் நன்றாகப் பிறந்தது இதனால்தான்.

ஆனால் மடங்கிய கால் எல்லாமே மரபுக் குறை அல்ல. ரத்தம் குடிக்கும் சிறு பூச்சிகள் பரப்பும் அகபானே என்ற வைரஸும் கருவிலேயே மூட்டை இறுக்கும். அக்கம்பக்கத்துத் தொழுவங்களிலும் அதே பருவத்தில் இப்படிக் கன்று பிறந்ததா என்று விசாரியுங்கள். பிறந்திருந்தால் வைரஸைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

உயிரோடு பிறந்து, கணுக்கால் மட்டும் மடங்கிய கன்றைப் பார்த்தால் கைவிடாதீர்கள். குளம்பைப் பிடித்து மெல்ல நீட்டிப் பாருங்கள். நீண்டு கொடுத்தால் அது பெரும்பாலும் தசைநார் இறுக்கம்தான். பஞ்சு சுற்றி, நீளவாக்கில் பிளந்த பிளாஸ்டிக் குழாயை வைத்து மருத்துவர் கட்டுப்போட்டால் பெரும்பாலும் சரியாகும். கன்று எழுந்து நிற்கட்டும் என்று காத்திருக்காமல் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பாலைப் புட்டியில் புகட்டிவிடுங்கள்.

இந்தப் பசுவை விற்க வேண்டாம். சினை ஊசி போட்ட நாளின் ரசீதைத் தேடி எடுங்கள். உறைவிந்துக் குச்சியின் மேலேயே காளை எண் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். அந்த எண்ணையும் கன்றின் விவரத்தையும் கால்நடை மருத்துவரிடம் எழுதிக் கொடுங்கள். பசுவின் ரத்தத்தை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். இனி இப்படியொரு கன்று பிறந்தால் புதைக்கும் முன் படம் எடுத்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள்.

அடுத்த ஊசிக்கு ஜெர்சி விந்து கேளுங்கள். சி.வி.எம். எச்.எப். வழியில் வரும் குறை என்பதால் ஜெர்சி காளையிடம் அந்தப் பயம் இல்லை. முந்தைய ஈத்துக் கிடேரி உங்களிடம் இருந்தால் அதுவும் பழுதைச் சுமக்கலாம். அது பருவத்துக்கு வரும்போது அதற்கும் ஜெர்சியே போடுங்கள்.