மறுமொழி: மூன்று நகர்வு பார்த்தும் குதிரையைத் தூக்கிக் கொடுக்கும் சதுரங்கப் புரோகிராம்

காரைக்குடி நண்பருக்கு, நீங்கள் எழுதிய சதுரங்கப் புரோகிராம் மூன்று நகர்வு முன்னால் பார்த்தும் குதிரையை ஏன் இழக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். மாவட்ட அளவில் ஆடிய உங்கள் மாமா “ஓப்பனிங் (ஆட்டத் தொடக்க நகர்வுகள்) பாடம் போதவில்லை” என்றாரா? அவர் ஆட்டத்துக்கு அது சரி. உங்கள் புரோகிராமின் நோய் வேறு.

நீங்கள் போட்ட ஆட்டத்தை அட்டையில் அடுக்கிப் பார்த்தேன். குதிரை சிப்பாயை வெட்டுகிறது. எதிராளி குதிரையை வெட்டுகிறார். ராணி காவலுள்ள யானையை வெட்டுகிறது. மூன்றாவது நகர்வோடு தேடல் (அடுத்தடுத்த நகர்வுகளை முன்கூட்டிப் பார்ப்பது) நின்றுவிடுவதால் கணக்கு இப்படி: சிப்பாய் 1, யானை 5, போனது குதிரை 3. மிச்சம் 3 லாபம்! அடுத்த நகர்வில் ராணி போவது அதன் கண்ணுக்கே தெரியாது. ஆழத்தை நான்காக்கினாலும் தீராது, எதிராளி பக்கம் இதே மயக்கம் வரும்.

கடைசி நகர்வில் உடனே நிலைக்கு மதிப்பெண் (யாருக்கு எவ்வளவு சாதகம் என்ற கணக்கு) போடாதீர்கள். வெட்டுகளை மட்டும் தொடர்ந்து, பலகை அமைதியாகும்வரை, அதாவது வெட்டுகள் ஓயும்வரை, தேடுங்கள். இதற்குப் பெயர் குவைசன்ஸ் தேடல். அப்புறம், ‘வெட்டாமல் நிற்கலாம்’ என்ற வழியையும் ஒவ்வொரு படியிலும் கொடுங்கள். நான் அதை விட்டுவிட்டு, தேவகோட்டை வீட்டுத் திண்ணையில் இரண்டு ராத்திரி முழித்தேன்.

மாமாவைக் குறை சொல்லவில்லை. உலக சாம்பியனும் மின்பொறியாளருமான போத்வின்னிக்கே மனிதரைப் போல யோசிக்கும் புரோகிராமுக்காகப் பல ஆண்டு உழைத்தும் நன்றாக ஆடும் ஒன்றை உருவாக்க முடியவில்லை. தேடல் சரியானதும் மாமாவைக் கூப்பிடுங்கள்: எந்தச் சிப்பாய் பலவீனம், ராஜாவுக்கு எங்கே ஆபத்து என்று மதிப்பெண் போட அவர்தான் வேண்டும்.