இரண்டு குடிபோதை வழக்கு இருந்தால் லாரி வேலை கிடைக்காதா?

கேள்வி: எனக்கு வயது 37. ஹெவி லைசென்ஸ் வைத்திருக்கிறேன், இத்தனை வருடமும் லாரிதான் ஓட்டினேன். 2018-இல் பைக்கில் வரும்போது ஊதச் சொல்லிப் பிடித்தார்கள், கோர்ட்டில் 2,000 ரூபாய் கட்டினேன். 2022 நவம்பரில் நண்பனின் காரை ஓட்டி வரும்போது மறுபடியும் மாட்டினேன். 10,000 ரூபாய் அபராதம், அதோடு ஆறு மாதம் எந்த வண்டியும் ஓட்டக்கூடாது என்று கோர்ட் உத்தரவு. லாரியில் உட்கார்ந்து ஒரு நாளும் குடித்ததில்லை. பழைய ஓனர் வண்டியை விற்றுவிட்டார். இப்போது எந்த டிரான்ஸ்போர்ட்டுக்குப் போனாலும் "கேஸ் இருக்கிற ஆளைப் போட்டால் இன்சூரன்ஸ் வராது" என்று திருப்பி அனுப்புகிறார்கள். பக்கத்து மாநிலத்தில் புது லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். எடுக்கலாமா? விண்ணப்பத்தில் கேஸை மறைக்கலாமா?

பதில்: ஏஜென்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு லைசென்ஸுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய லைசென்ஸில் ஏறிய எண்டார்ஸ்மென்ட்டை, அதாவது தண்டனை பற்றிய குறிப்பை, சொல்லாமல் புதிதாக ஒன்று வாங்கினால் 182-ஆம் பிரிவில் தனிக் குற்றம்: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸ் விவரமெல்லாம் இப்போது பெரும்பாலும் சாரதி என்ற ஒரே தளத்தில்தான் இருக்கிறது. நீங்கள் எந்த ஊரில் போய் விண்ணப்பித்தாலும் பெயர், பிறந்த தேதி, ஆதார் மூன்றையும் வைத்துப் பழைய லைசென்ஸைக் கண்டுபிடித்துவிட முடியும். ஏஜென்ட் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார், மாட்டப்போவது நீங்கள்தான். இப்போது இருப்பது முடிந்துபோன இரண்டு வழக்கு, அதோடு உயிருள்ள மூன்றாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

சரி, இப்போது உங்கள் நிலைமை. குடித்துவிட்டு ஓட்டிய வழக்கில் தண்டனை பெற்றவர் இனி லாரியே ஓட்டக்கூடாது என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் கிடையாது. தடைக்காலம் முடிந்து, உங்கள் ஹெவி லைசென்ஸ் செல்லுபடியாகும் நிலையில் இருந்தால், நாளை காலையே லோடு ஏற்றலாம். சட்டத்துக்கும் உங்களுக்கும் இப்போதைக்குப் பெரிய சண்டை இல்லை. சண்டையெல்லாம் ஓனரின் பயத்தோடுதான், அந்தப் பயமும் பாதி தவறான தகவலில் நிற்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது அந்த 10,000 ரூபாய். 185-ஆம் பிரிவு இப்படித்தான்: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, முதல் முறை என்றால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும், இரண்டாம் முறை என்றால் 15,000 ரூபாய் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். முதல் தண்டனைக்குக் குறைந்தது ஆறு மாதம் ஓட்டத் தடை போட வேண்டும் என்பது 20-ஆம் பிரிவு. உங்களுக்கு 10,000 ரூபாயும் ஆறு மாதமும்தான் விழுந்திருக்கிறது. ஆக, 2018 வழக்கு அந்த மாஜிஸ்டிரேட்டின் முன்னால் வைக்கப்படவே இல்லை, உங்களை முதல் முறைக்காரராகத்தான் நினைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. பழைய பைக் கேஸ் யாருடைய ஃபைலிலும் சேராமல் போயிருக்கும். இரண்டாவது தண்டனை என்று தெரிந்திருந்தால், 22-ஆம் பிரிவின்படி லைசென்ஸையே ரத்து செய்திருக்க வேண்டும். அதில் நீதிமன்றத்துக்கு வேறு வழியும் கிடையாது.

இதைப் படித்துவிட்டுப் பதற வேண்டாம். கையெழுத்துப் போட்டு முடித்த தீர்ப்பை அதே நீதிமன்றம் மறுபடி திறந்து தண்டனையைக் கூட்ட முடியாது. நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டிய கடமையும் இல்லை. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் மூன்று வருடத்துக்குள் மறுபடி மாட்டினால்தான் "இரண்டாம் முறை" என்று கணக்கு, 2019 திருத்தத்தில் அந்த மூன்று வருட வரம்பை எடுத்துவிட்டார்கள். எவ்வளவு பழைய தண்டனையாக இருந்தாலும் இனி கணக்கில் வரும். அடுத்து ஒரு முறை, அது மொபெட்டாக இருந்தாலும் சரி, ஹெவி லைசென்ஸ் போய்விடும். "பைக்கில்தானே குடித்தேன், லாரியில் இல்லையே" என்று நிறைய டிரைவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 185-ஆம் பிரிவுக்குப் பைக்கும் பதினாறு சக்கர டாரஸும் ஒன்றுதான், தடை உத்தரவும் பெரும்பாலும் எல்லா வகை வண்டிக்கும் சேர்த்துத்தான் வரும்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. அபராதம் கட்டியாயிற்று, கேஸ் முடிந்தது, அதனால் நான் குற்றவாளி இல்லை என்று. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டினால் அது தண்டனைதான், ரசீது சின்னதாக இருக்கிறது என்பதற்காக அது மாறாது. பெரியவர்களின் தண்டனைப் பதிவை இத்தனை ஆண்டு கழித்து அழித்துவிடலாம் என்று சொல்லும் பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை.

ஆனால் லைசென்ஸில் ஏறிய குறிப்பை எடுக்க வழி இருக்கிறது, இதைப் பல வக்கீல்களே கட்சிக்காரருக்குச் சொல்வதில்லை. 25-ஆம் பிரிவைப் பாருங்கள்: எண்டார்ஸ்மென்ட் ஏறிய பிறகு மூன்று ஆண்டு வேறு எண்டார்ஸ்மென்ட் இல்லாமல் இருந்தால், பழைய லைசென்ஸை ஒப்படைத்துவிட்டு, குறிப்பு எதுவும் இல்லாத புது லைசென்ஸைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆர்டிஓ மனது வைத்துச் செய்யும் சலுகை அல்ல இது. ஒரே நிபந்தனை, தடையில் இருந்த காலத்தைக் கழித்துவிட்டுத்தான் மூன்று ஆண்டை எண்ண வேண்டும். உங்கள் தடை 2022 நவம்பரில் தொடங்கி 2023 மே மாதம் முடிந்தது என்றால், 2026 மே மாதத்தோடு மூன்று ஆண்டு நிறைகிறது. அதற்குப் பிறகு விண்ணப்பம் கொடுங்கள், எழுத்தில், ஒப்புகையோடு. சாரதியில் உங்கள் லைசென்ஸ் விவரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், குறிப்பு ஏறவே இல்லை என்றால் எடுப்பதற்கும் ஒன்றும் இல்லை. தடை முடிந்தும் அங்கே இன்னும் "சஸ்பெண்டட்" என்று காட்டிக்கொண்டிருந்தால் அதுதான் முதல் வேலை, ஏனென்றால் ஓனர்கள் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான்.

இப்போது "இன்சூரன்ஸ் வராது" என்ற பேச்சு. விபத்தில் பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடும்போது இன்சூரன்ஸ் கம்பெனி எந்தெந்தக் காரணத்தைச் சொல்லித் தப்பிக்கலாம் என்பது 150-ஆம் பிரிவில் இருக்கிறது. டிரைவரிடம் முறையான லைசென்ஸ் இல்லை, தடைக்காலத்தில் ஓட்டினார், அல்லது விபத்து நடந்தபோது குடித்திருந்தார், டிரைவரைப் பொறுத்தவரை இவைதான் முக்கியக் காரணம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கேஸில் அபராதம் கட்டினார் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் ஓனருக்கு 180-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும், அதுவும் செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ளவருக்குப் பொருந்தாது. சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இல் சொன்னதும் இந்தப் பக்கம்தான்: லைசென்ஸில் குறை இருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, ஓனர் கவனக்குறைவாக இருந்தார் என்பதையும் கம்பெனி நிரூபிக்க வேண்டும். அதனால் ஓனரிடம் போகும்போது சட்டம் பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள், அவருடைய ஃபைலில் வைக்கக் காகிதத்தைக் கொடுங்கள். இந்த டிரைவரைச் சரிபார்த்துத்தான் சேர்த்தேன் என்று நாளை அவர் காட்டுவதற்கு அதுதான் உதவும்.

என்ன காகிதம்? இரண்டு தீர்ப்பின் சான்றிட்ட நகல், அபராத ரசீது, தடை முடிந்ததற்கான ஆதாரம், இன்றைய தேதியில் எடுத்த லைசென்ஸ் விவரப் பிரின்ட், புதிதாக எடுத்த மருத்துவச் சான்று, பழைய ஓனர் கொடுக்கும் ஒரு கடிதம். இந்தக் கடைசிக் காகிதத்துக்குத்தான் என் பார்வையில் மதிப்பு அதிகம். எத்தனை வருடம் ஓட்டினார், எந்த ரூட், விபத்து உண்டா, கணக்கு நேரா என்று நாலு வரி இருந்தால் போதும். வண்டியை விற்றுவிட்டாலும் அவர் எழுதிக் கொடுக்கலாம். அப்புறம், ஒவ்வொரு டிரிப்புக்கும் முன்னால் ஊதிக் காட்டச் சம்மதம் என்று நீங்களாகவே எழுதிக் கொடுங்கள். ஊதச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் சட்டப்படி போலீசுக்கும், அதிகாரம் பெற்ற மோட்டார் வாகனத் துறை அதிகாரிக்கும்தான், ஓனருக்கு அது உங்கள் சம்மதத்தில்தான் கிடைக்கும். அதைக் கேட்காமலே கொடுக்கிற டிரைவரை முதலாளி வேறு கண்ணால் பார்ப்பார்.

மறைக்கலாமா என்று கேட்டீர்கள். விண்ணப்பத்தில் என்ன கேள்வி என்று நிதானமாகப் படியுங்கள். "நிலுவையில் வழக்கு உண்டா" என்று கேட்டால், இல்லை என்பதே உண்மை. "எப்போதாவது தண்டனை பெற்றதுண்டா", "லைசென்ஸ் தடை செய்யப்பட்டதா" என்று கேட்டால் ஆம் என்று எழுதி, ஆண்டையும் அபராதத்தையும் போடுங்கள். கேட்காத தனியார் கம்பெனிக்கு வலியப் போய்ச் சொல்லச் சட்டக் கட்டாயம் இல்லை, ஆனாலும் சேரும் முன்பே வாயால் சொல்லிவிடுவது நல்லது என்பேன். லைசென்ஸ் எண்ணைப் போட்டு சலான் பார்ப்பது இன்று ஒரு கிளார்க்குக்கு இரண்டு நிமிட வேலை, பொய் சொன்னது பிறகு தெரிந்தால் அந்த ஒரு காரணம் போதும் வேலையை விட்டு அனுப்ப. அரசுப் போக்குவரத்து வேலைக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2016-இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சரிபார்ப்புப் படிவத்தில் கேட்டதை மறைத்தால் நியமனத்தையே ரத்து செய்யலாம், சின்னக் குற்றமாக இருந்தால் நிர்வாகம் மன்னிக்கவும் செய்யலாம் என்று சொன்னது. மன்னிப்பை நம்பிப் படிவத்தை நிரப்ப முடியாது.

எங்கே தேடுவது என்பது சட்டக் கேள்வி இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். பெட்ரோல், கேஸ், கெமிக்கல் டேங்கர் பக்கம் இப்போது போகாதீர்கள். அபாயகரமான சரக்குக்கு லைசென்ஸில் தனி அனுமதி வேண்டும், அந்தக் கம்பெனிகள் சட்டம் கேட்பதைவிடக் கூடுதலாகவே கேட்கும். நாலைந்து வண்டி வைத்து, தானே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டிரிப் வந்து பார்த்து ஆளை எடுக்கும் ஓனர்தான் உங்களுக்குச் சரிப்படும்.

எப்போதாவது ஆர்டிஓ ஆபீஸிலிருந்து 19-ஆம் பிரிவில் நோட்டீஸ் வந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழக்கமாகக் குடிப்பவர், அல்லது முந்தைய நடத்தையால் பொதுமக்களுக்கு ஆபத்தானவர் என்று கருதினால் கோர்ட் இல்லாமலே தடை போடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. உங்களைக் கேட்காமல் போட முடியாது, காரணத்தையும் எழுத வேண்டும், உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். குடியை நிறுத்தச் சிகிச்சை எடுத்திருந்தால் அந்தச் சீட்டையெல்லாம் பத்திரமாக வையுங்கள், நேரில் விளக்கம் கொடுக்கும் அன்று அது பேசும்.

தீர்ப்பு நகலுக்கு இந்த வாரமே மனு போடுங்கள். 2022 வழக்கில் 185 மட்டும்தானா, அல்லது ஆபத்தாக ஓட்டியதாக 184-ஓ, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279-ஓ சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், நான் மேலே சொன்னதில் சில இடம் மாறும்.