வீடியோவுக்கு இந்தப் பக்கமும் ஒரு கை வேண்டும்

அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்க, போன வாரம் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா, அம்மா, மகள், கூடவே தாய்மாமா. பிளஸ் டூவில் நல்ல மார்க். நீட் இரண்டு தடவை எழுதியும் அரசு இடத்துக்கு எட்டவில்லை. அப்பா மடியில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் நிலப் பத்திரத்தின் ஜெராக்ஸ்.

"பேங்க்ல கடன் கேட்டாச்சு சார். நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொன்னா போதும்" என்றார். மாமா முந்திக்கொண்டு, "ஜார்ஜியா அனுப்பிருவோம் சார், ஆறே வருசம், டாக்டர்" என்றார்.

முதல் பத்து நிமிடம் வழக்கம்போல ஆறுதல்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்திரம் மேஜைமேல் வந்ததும் அதை நிறுத்திவிட்டேன்.

அண்ணாச்சி, கணக்கைப் போட்டுப் பாருங்கள். இங்கேயே நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் பல இடங்களில் வருடத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் போகிறது. வெளிநாடு மலிவு என்கிறார் உங்கள் மச்சான். படித்துத் திரும்பி வந்து எழுதும் தகுதித் தேர்வில் பாஸ் ஆகிறவர்கள், பல முறை நூற்றுக்கு முப்பது பேர்கூட இல்லை. மிச்சம் எழுபது பேரின் வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று எந்த ஏஜென்ட்டும் சொல்ல மாட்டார். மூன்றாவது முறை நீட், எஞ்சினியரிங், நர்சிங் பற்றியெல்லாம் உங்கள் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே நிறையச் சொல்லியிருப்பார்கள். நானும் ஆரம்பிக்க வேண்டாம்.

மகளிடம் ஒன்று கேட்டேன்: "படிக்கிற நேரம் போக இந்த ஒரு வருசம் என்னம்மா செஞ்ச?" அவள் பேசவில்லை. அம்மாதான், "எங்க நாத்தனாரைப் பார்த்துக்கிட்டா" என்றார்.

அத்தைக்குச் சேலையில் அடுப்புத் தீ பிடித்து, வலது அக்குளும் மார்பின் பக்கவாட்டும் வெந்துவிட்டன. முதலில் சேர்த்த மருத்துவமனையில் "காயம் ஆறிடுச்சு" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. வலிக்கிறதே என்று அத்தை கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தார். சில மாதத்தில் தழும்பு இறுகி, கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாமல் போய், இன்னொரு ஊரில் ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அங்கிருந்த தெரபிஸ்ட் வாராவாரம் வீடியோ காலில் பார்க்கிறார். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் கார் வாடகை, அத்தைக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ஒரு நாள் கூலி.

அந்தப் பெண் தன் போனை என்னிடம் நீட்டினாள். ஒவ்வொரு ஞாயிறும் எடுத்த படங்கள். ஒரே ஜன்னல் வெளிச்சம், ஒரே தூரம், தழும்பின் பக்கத்தில் அளவுக்காக ஒரு ரூபாய்க் காசு. "ஃப்ளாஷ் போட்டா தழும்போட நிறம் மாறிடும் சார்" என்றாள். ஒரு நோட்டும் வைத்திருந்தாள். கை எத்தனை டிகிரி தூக்கியது, எங்கே வலித்தது, தழும்பு தடிக்காமலிருக்க இறுக்கிப் போடும் அழுத்த ஆடையை எத்தனை மணி நேரம் போட்டிருந்தார் என்று தேதி வாரியாக. இதை யாரும் அவளுக்கு மார்க் போடுவதாகச் சொல்லவில்லை.

மாமா அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன சார் வேலை" என்றார். ஆக்குபேஷனல் தெரபி என்றேன். காயத்தாலோ நோயாலோ முடங்கியவர்களை அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் சிகிச்சை. இதற்கு பி.ஓ.டி. என்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது.

இந்தியாவில் வருடத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் நடுத்தரமாகவோ மோசமாகவோ தீக்காயம் அடைகிறார்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. உயிர் தப்புகிறவர்களுக்கு அடுத்த கண்டம் தழும்பு. அது சுருங்கும், சுருங்கும்போது மூட்டையும் சேர்த்து இழுக்கும். நோயாளிக்கு எந்த நிலை சுகமாக இருக்கிறதோ, பெரும்பாலும் அந்த நிலையிலேயே மூட்டு இறுகிப்போகும். அதனால் கழுத்தில் தீக்காயம் என்றால் தலையணையை எடுத்துவிடச் சொல்வார்கள். அக்குள் என்றால், விமானத்தின் இறக்கை மாதிரி கையை விரித்துத் தாங்கும் ஸ்ப்லின்ட். சுடுதண்ணீரில் போட்டால் இளகும் ஒருவகை பிளாஸ்டிக்கை வெட்டி, நோயாளியின் கைமேலேயே வைத்து வளைத்து, அதைத் தெரபிஸ்ட்தான் செய்து தருவார். அழுத்த ஆடையை ஒரு நாளில் 23 மணி நேரம் போட வேண்டும், அதுவும் மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். நம் ஊர் வெயிலில் அதைப் போட வைப்பதே ஒரு தனி வித்தை. அப்புறம் சட்டைப் பொத்தானைப் போடுவது, தலை வாருவது, சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவது. இவற்றையெல்லாம் திரும்பப் பழக்குவதும் அவர்களின் வேலைதான்.

இதில் பெரும்பகுதியை வீடியோ மூலம் தொடர முடியும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் தமிழ்நாட்டைப் போல் சுமார் 13 மடங்கு பெரியது. 2000ஆம் ஆண்டிலிருந்தே பிரிஸ்பேன் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து தூரத்து ஊர்க் குழந்தைகளை வீடியோவில் பார்க்கத் தொடங்கினார்கள்; தீக்காயக் குழந்தைகளின் மறுபரிசோதனை அதில் முக்கியமான பகுதி. தழும்பின் நிறம், தடிமன், மூட்டு அசைவு ஆகியவற்றில் வீடியோவில் பார்த்துச் சொன்னதும் நேரில் பார்த்துச் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போயின என்று 2004இல் ஆய்வும் வெளியிட்டார்கள். இந்தியாவில் தொலை மருத்துவத்துக்கான நடைமுறை விதிகள் 2020 மார்ச்சில் வந்தன. வீட்டிலிருந்தே மருத்துவரிடம் வீடியோவில் பேச அரசின் இ-சஞ்சீவனி சேவையும் இருக்கிறது.

எல்லாம் திரையிலேயே முடிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. புதுக் காயத்தின் ஆழத்தைத் தொட்டு அழுத்திப் பார்க்காமல் உறுதியாகச் சொல்வது கஷ்டம். சீழ் வாடை கேமராவில் வராது. திரைக்கு அந்தப் பக்கம் நிபுணர் இருந்தால், இந்தப் பக்கம் அழுத்திப் பார்க்க, அளவெடுக்க, ஸ்ப்லின்ட் நழுவியிருப்பதைக் கவனிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். பட்டாசு ஆலைகள் நிறைந்த விருதுநகர் மாவட்டத்தில் அப்படிப்பட்டவர் எவ்வளவு தேவை என்று நான் சொல்லித்தானா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

படிப்பு, இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து நாலரை முதல் ஐந்து வருடம். வேலூர் சி.எம்.சி.யில் இருக்கிறது, கோவை கே.எம்.சி.ஹெச்.சில் இருக்கிறது, சென்னைப் பக்கம் எஸ்.ஆர்.எம்.மில் இருக்கிறது. சேர்க்கை விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் போன வருடம் படித்தவர் சொன்னதை நம்பாமல் இந்த வருட விளக்கக் கையேட்டை வாங்கிப் படியுங்கள். கல்லூரியில் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். தீக்காய வார்டு உள்ள மருத்துவமனையில் பயிற்சி கிடைக்குமா, ஸ்ப்லின்ட் அறையில் மாணவர்கள் கையாலேயே செய்கிறார்களா என்று கேளுங்கள். ஆறு மாத டிப்ளமோவில் தெரபிஸ்ட் ஆக்குகிறேன் என்று பேனர் வைத்திருக்கிறவர் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

சம்பளம்? ஆரம்பத்தில் பல இடங்களில் குறைவுதான். பதினைந்து, இருபதாயிரம் என்பார்கள். இதை மறைத்து உங்களிடம் நல்ல பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தச் சம்பளத்தை வாங்கும்போது உங்கள் நிலம் உங்களிடம் இருக்கும். மருந்து எழுதும் உரிமையும் இந்தப் படிப்பில் வராது. அது மருத்துவரின் வேலை. மருத்துவரோடு சேர்ந்துதான் இவள் வேலை பார்ப்பாள்.

"சொந்தக்காரங்க கேட்டா என்னன்னு சார் சொல்றது?" என்றார் அம்மா. கேட்கிற சொந்தக்காரர் யாராவது கடனில் ஒரு தவணை கட்டுவாரா என்று கேட்டேன். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணாச்சியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். வருகிற ஞாயிறு அத்தைக்கு வீடியோ கால் வரும்போது கடைக்குப் போய்விடாமல், முழு அரை மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் மகள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். திங்கட்கிழமை எனக்கு போன் போடுங்கள். அதுவரை பேங்குக்குப் போக வேண்டாம்.